நெஞ்சுப் பாடம்

"இன்னும் நர்ஸே ஆகல, அதுக்குள்ள நர்ஸ் பட்டத்துக்குப் படிப்பாம். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வெச்ச கதைதான் போ!"

மேல்வீட்டுக் கோஸ்கி சட்டையின் மேல் பித்தான்களைக் கழற்றிக்கொண்டே சொன்னார். அமெரிக்காவின் டுலூத் துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றி ஓய்ந்த மனுஷன். வாய் மட்டும் ஓயவில்லை.

ஜோலின் சிரித்தாள். வாரத்தில் அவள் சிரிப்பது இங்கே மட்டும்தான்.

பகலில் உள்ளூர்க் கல்லூரியில் இரண்டு வருட நர்ஸிங். உரிமத் தேர்வு எழுத இன்னும் ஒரு வருடம் கிடக்கிறது. அதற்குள் கணினி வழியே பட்டப்படிப்பையும் தொடங்கிவிட்டாள். அந்த வகுப்பில் கூடப் படிக்கிறவர்கள் யாரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. எல்லாரும் திரையில் வெறும் பெயர்கள்.

உயிருள்ள ஓர் ஆளைச் சோதித்து வீடியோ அனுப்பச் சொன்னார்கள். மற்றவர்கள் கணவனை உட்கார வைத்தார்கள், அம்மாவை உட்கார வைத்தார்கள். ஜோலினுக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? வெட்கத்தை விட்டு மேல்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

இது மூன்றாவது ஞாயிறு.

இன்று கோஸ்கி இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். மேசையில் ஏலக்காய் ரொட்டி, இரண்டு கோப்பை காபி.

போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாள். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் சூடாக்கி அவர் நெஞ்சில் வைத்தாள்.

லப் டப். லப் டப்.

இன்னொரு மனுஷரின் பக்கத்தில் இப்படி நின்று எத்தனை காலமாயிற்று! கண் கலங்குவதை மறைக்க இன்னும் குனிந்துகொண்டாள்.

"இன்னிக்கோட முடிஞ்சுதா உன் பாடம்?"

அவளுக்குப் பகீரென்றது. முடிந்தது என்றால் அடுத்த ஞாயிறு எதைச் சொல்லி இந்தக் கதவைத் தட்டுவது?

"இல்ல மிஸ்டர் கோஸ்கி... இன்னும் கொஞ்சம் இருக்கு."

கோஸ்கி போனைப் பார்த்தார்.

"முதல் வாரம் வீடியோ எடுக்கையில இதுல சிவப்பா ஒரு புள்ளி எரிஞ்சுது. போன வாரம் எரியல. இன்னிக்கும் எரியல."

ஜோலினுக்கு முகம் சிவந்துவிட்டது. பாடத்துக்கு முழு மதிப்பெண் வாங்கிப் பத்து நாளாகிறது. ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டப் போனாள்.

கோஸ்கி இன்னொரு பித்தானையும் கழற்றினார்.

"எரியாட்டி போகுது. மூச்சை இழுத்து விடணுமா?"