ஏழாவது கலவை

இதுவும் இல்லை என்று வேம்புலி அங்கிள் தலையாட்டியபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

அது ஆறாவது பெய்ன்ட் கலவை. கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அவர் மூக்குக்கு நேரே நீட்டியிருந்தேன்.

பள்ளிவாசலில் சாயங்கால அஸர் பாங்கு சொல்லி முடித்துவிட்டார்கள். ஆறு மணிக்குள் நான் கட்டிய மாடல் விமானத்தை எடுத்துக்கொண்டு அவர் பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போயாக வேண்டும்.

அங்கேதான் கிருபாகரன் இருக்கிறார். அங்கிள் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தபோது அவர் பைலட். இப்போது எழுபத்தாறு வயது. நாளைக் காலையில் மகன் அவரைக் குத்தம்பாக்கம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறான். அதற்குள் அவர் ஓட்டிய ஜெட்டின் மாடலை அவர் கையில் கொடுத்துவிட வேண்டுமாம்.

நல்ல எண்ணம்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் பைலட் உட்காரும் காக்பிட்டின் நிறத்துக்கு மனிதர் படுத்துகிற பாடு இருக்கிறதே, அதுதான் தாங்கவில்லை.

என் பிழைப்பு பல் லேப். பல்லுக்கு கேப் போடுகிறவர்களின் மற்ற பற்களோடு சேருகிற மாதிரி நிறம் பிடிப்பது என் வேலை. வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை பிரித்துச் சொல்வேன். மிச்ச நேரத்தில் மாடல் விமானம் கட்டிக் கொடுக்கிறேன். ஷிபா அடித்த நிறம் தப்பு என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அந்த ரஷ்ய ஜெட்டுக்கு உள்ளே அடித்திருப்பது ஒரு மாதிரி நீலப்பச்சை. மயில்கழுத்து நிறத்தில் கொஞ்சம் பால் கலந்தாற்போல இருக்கும். மியூசியங்களில் நிற்கிற விமானங்களின் படங்கள் முப்பது என் போனில் இருந்தன. முப்பதிலும் அதே நிறம்தான்.

அங்கிள் ஒரு படத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

உட்காரவும் இல்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். கொடுத்த டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. போனை எடுத்து மணி பார்த்தார், பைக்குள் வைத்தார், உடனே மறுபடி எடுத்தார். இன்னும் பச்சை, இன்னும் பச்சை என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை இல்லை.

இதற்கு மேல் பச்சை சேர்த்தால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், என் பேர் கெட்டுப்போகும் என்று சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். வயதானால் மனசுக்குள் நிறமெல்லாம் மாறிப்போகும், படத்தை நம்புங்கள் என்றும் வாய்விட்டுவிட்டேன்.

அவர் நடப்பதை நிறுத்தினார்.

கிருபாகரன் சாரின் மகனும் இதையேதான் சொல்கிறான் என்றார்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தன் விமானத்துக்கு உள்ளே இலைப்பச்சை என்று கிருபாகரன் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். மகன் ஸ்ரீநாத் லேப்டாப்பில் படம் படமாகக் காட்டி, மூன்று வருடம் உட்கார்ந்து ஓட்டிய இடத்தின் நிறமே நினைவில்லையே அப்பா என்று கேட்டானாம். அவர் பச்சைதான் என்று ஒரே பிடியாக நின்றிருக்கிறார். ஒரு தடவை அடுப்பை அணைக்க மறந்ததும் அதோடு சேர்ந்துகொண்டது. அப்பாவுக்கு நினைவு கலங்கிவிட்டது, இனி தனியாக விட முடியாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள்.

இப்போது அவரும் பச்சை என்று சொல்வதை விட்டுவிட்டாராம். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் எல்லா விமானத்திலும் நீலமாக இருப்பது அவருக்கு மட்டும் எப்படிப் பச்சையானது என்று கேட்டேன்.

அங்கிள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“உள்ள பெய்ன்ட் அட்ச்சது நான்தாம்மா. வர வேண்டிய டின்னு வரல, காலைல பிளேன் கெளம்பணும். ஏணிக்கு அடிக்கிற பச்சை கெடந்துச்சு, அத்த எட்த்து அட்ச்சிட்டேன். புக்குல எழுதல.”

விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில் அதை எழுதியிருந்தால் வேலை போயிருக்கும். ஏறி உட்கார்ந்ததுமே கிருபாகரன் பார்த்துவிட்டாராம். கீழே நின்ற இவரைக் குனிந்து பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார், அதோடு சரி. மூன்று வருடம் அந்தப் பச்சைக்குள் உட்கார்ந்து பறந்தார், அது எப்படிப் பச்சையானது என்று ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. மகன் படங்களைக் காட்டிக் கேட்ட அன்றைக்கும் விடவில்லை.

அன்றைக்கு வேம்புலி அங்கிளும் அதே அறையில்தான் இருந்திருக்கிறார். அவரும் வாயைத் திறக்கவில்லை.

நீலத்தை மூடி ஓரமாக வைத்தேன். பச்சையை எடுத்து, ஒரு சொட்டு மஞ்சளும், பழையதாகத் தெரிவதற்குத் துளி கறுப்பும் சேர்த்தேன். நகத்தில் வைத்துக் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அதேதான் என்றார்.

அடித்து, ஹேர் டிரையரில் காயவைத்து, காக்பிட் மேல் கண்ணாடி மூடியை ஒட்டினேன்.

நான் கொடுக்கும் ஒவ்வொரு விமானத்தோடும் ஒரு அட்டை வைப்பது வழக்கம். என்ன நிறம், எந்தப் படத்தைப் பார்த்து அடித்தது என்று அதில் எழுதியிருப்பேன். இதற்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

 அவர் தன் விமானப்படை சர்வீஸ் நம்பரைச் சொன்னார். ஒரு எண்ணுக்குக்கூட யோசிக்கவில்லை.

“என் பேரையும் போடும்மா. தப்பு பண்ணது நானு, சாரு சொல்றது கரீட்டுன்னு போடு. அவுரு புள்ள படிக்கணும், பெருசா எழுது.”