முதல் மனோரஞ்சிதம்

சாயங்காலம் ஆறு மணிக்கு, செடிக்குப் பாம்பு வரும் என்று சொல்லி, பக்கத்து வீட்டுத் தண்டபாணி அரிவாளோடு வந்துவிட்டார். செல்வராணி அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி நான்கு வருடமாக வளர்த்த மனோரஞ்சிதம் அன்றுதான் முதல் பூ விட்டிருந்தது. இலையோடு இலையாக ஒளிந்திருந்த அதை மூக்கை வைத்துத்தான் கண்டுபிடித்திருந்தாள். இப்போது செடியை மறைத்து நின்றுகொண்டாள். “அண்ணே, வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை மோந்து பாருங்க. மனசுல எந்தப் பழத்தை நெனைக்கிறீங்களோ அந்த வாசம் வரும்.” தண்டபாணி வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். கண்ணை மூடினார். மறுபடியும் முகர்ந்தார். அரிவாள் மெல்லத் தரைக்கு இறங்கியது. “செடி இருக்கட்டும்மா” என்றார். செல்வராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி கோமதிக்குத்தான் பொறுக்கவில்லை. “பழத்தை நெனைச்ச மூஞ்சியா இது? யாரை நெனைச்சீங்க?”