கைதேர்ந்த அப்பா

குழந்தையின் தலை அவன் கையோடு வந்துவிட்டது.

உடம்பு தண்ணீர்த் தொட்டியில் மிதக்க, நுரை வழியும் தலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் திருதிருவென விழித்தான். சுற்றி நின்ற ஆறு ஜோடிகளும் சிரித்த சிரிப்பில் ஆஸ்பத்திரி ஜன்னல் கண்ணாடிகளே அதிர்ந்தன.

"பொம்மைதானே, போகட்டும்," என்றார் நர்ஸம்மா. "கழுத்தை என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"லூசா ஆடிச்சு மேடம். லேசா ஒரு முறுக்கு முறுக்கினேன்."

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஆடுகிற எதைக் கண்டாலும் கை சும்மா இராது. பிறந்த குழந்தைக்குக் கழுத்து ஆடத்தான் செய்யும், தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அன்றைக்குப் பாடமே.

நிறைமாத வயிற்றோடு பக்கத்தில் நின்ற மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "அங்க பாருங்க. அவரைப் பாத்தாவது கத்துக்கங்க."

பார்க்கவே வேண்டாம், பேக்கரிக்காரராகத்தான் இருக்கும். அப்பாவாகப் போகிறவர்களுக்கான இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மூன்று வாரமாக அவர் ராஜ்ஜியம்தான். பொம்மையை முன்கையில் கிடத்தி, காதுக்குள் தண்ணீர் போகாமல் விரலால் மறைத்து, கண்மூடித் திறப்பதற்குள் குளிப்பாட்டித் துண்டில் சுற்றிவிட்டார்.

"குளிப்பாட்டி முடிச்ச உடனே..." என்று நர்ஸம்மா ஆரம்பித்தார்.

"முதல்ல தலையைத் துவட்டணும்," என்று முடித்துவைத்தார் பேக்கரிக்காரர். மற்றவர்களுக்கு நாலு தடவை விளக்குகிற நர்ஸம்மா, அவருக்கு மட்டும் எதையும் விளக்குவதே இல்லை.

அவர் மனைவி மூலை நாற்காலியில் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பொம்மைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. இப்படி ஒரு புருஷன் வாய்த்தால் அவளுக்கென்ன கவலை என்று நினைத்தபோது இவனுக்கு வயிறு எரிந்தது.

"மாவு பிசையற கை. அதான் பூப்போல வருது," என்று மனைவியின் காதைக் கடித்தான்.

"கிரீஸ் தடவற கையும் மெத்துன்னுதான் இருக்கணும். உங்களுதுல தலையில்ல வருது!"

பையன்தான் என்று இரண்டு பேரும் முடிவு கட்டிய நாளிலிருந்தே இவன் பரபரவென்றுதான் இருந்தான். எந்த வயதில் சைக்கிள், எந்த வயதில் ஸ்பேனர், பொய் சொன்னால் எப்படிப் பிடிப்பது என்று எட்டு வயது வரைக்கும் திட்டம் தயார். முதல் எட்டு நாளைக்குத்தான் ஒன்றுமே இல்லை.

அந்த எட்டு நாளும் பேக்கரிக்காரருக்குத் தண்ணிபட்ட பாடு. அவர் பொம்மையைத் தோளில் போட்டுத் தட்டி, "ஒண்ணுமில்லடா, அப்பா இருக்கேன்ல," என்றார்.

"ஐயோ, உதைக்கிறான்!" என்று வயிற்றைத் தொட்டாள் இவன் மனைவி. "அவர் குரலைக் கேட்டாலே துள்ளுறான்ங்க."

பிறக்கும் முன்பே பிள்ளை எதிர்க்கட்சிக்குப் போய்விட்டான். இதற்கு மேல் பொறுக்க முடியுமா?

வகுப்பு முடிந்ததும், தண்ணீர் மெஷினருகே பேக்கரிக்காரரை மடக்கினான். இதே கேள்வியைப் போன இரண்டு வாரமும் கேட்டிருந்தான். ஒரு வாரம் சிரித்து மழுப்பினார், மறுவாரம் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நழுவினார்.

"அண்ணே, இன்னைக்கு விடமாட்டேன். இவ்வளவு கைப்பழக்கம் சும்மா வராது. வீட்டுல எத்தனை? ஒரு ஃபுட்பால் டீமே இருக்கும் போலிருக்கே!"

சொல்லிவிட்டு அவனே பலமாகச் சிரித்தான்.

பேக்கரிக்காரர் பதிலுக்குச் சிரிக்கவில்லை. வராந்தாவில் சுவரைப் பிடித்தபடி அடிமேல் அடி வைத்து வந்துகொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். அவளுக்குக் கேட்காத அளவுக்குக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த கிளாஸுக்கு இது அஞ்சாவது தடவை தம்பி. வீட்டுக்கு இன்னும் ஒண்ணைக்கூடத் தூக்கிட்டுப் போனதில்ல."