பதினைந்து வயதுக்குக் கீழ்

கெண்டைக்கால் கல்லாய் இறுகிக் கிடந்தது. மைதானத்து மூலையில் புல்லைப் பிடித்தபடி குந்தியிருந்தவனுக்கு, உள்ளே யாரோ கயிறு போட்டு முறுக்குவதுபோல நோவு இடுப்புவரை ஏறியது.

"முதலாம் இடம், புதிய மாகாணச் சாதனை, கல்முனைக்குடி நிப்றாஸ்!" ஒலிபெருக்கி கத்தியது. இரண்டாம் தரம் கத்தியபோதுதான் அவன் தலையை நிமிர்த்தினான்.

மூன்று வருடமாக அவனை ஓடப் பழக்குகிற முஸ்தாக் ஸேர் பாய்ந்து வந்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "பதினாலு வயசுல இந்தக் கால் உனக்கு எங்க இருந்துடா வந்த? அது சரி, கடைசிப் பத்து மீற்றர்ல ஏன் இழுத்த?"

"நோகுது ஸேர்."

நோவு பொய்யில்லை. தோற்றுத் தொலைப்போம் என்று, பாய்கிற காலைப் பிடித்து இழுத்ததில் வந்த நோவு. அப்படி இழுத்தும் துலக்சன் ஒரு முழம் பின்னால்தான் வந்தான்.

துலக்சன் வினாயகபுரத்து மீன்காரரின் மகன். வெறுங்காலோடு இரண்டு பஸ் மாறி வந்து, மூன்று வருடமாக இரண்டாம் இடம் எடுக்கிறவன். அவன் பக்கத்தில் குந்தி, வென்றவனின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து நீவிவிட்டான்.

"உனக்குப் பின்னால ஓடி ஓடி உன்ட முதுகு எனக்குப் பாடம்டா. முகத்தைத் தெருவில கண்டா மட்டுக்கட்ட மாட்டன்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதிபரின் அறையில் கொழும்பு அதிகாரி ஒருவர் விண்ணப்பப் பாரத்தோடு காத்திருந்தார். சண்டை முடிந்து மூன்று மாதம். முதல் தடவையாக இந்தக் கரையில் ஒரு பிள்ளையைப் பொறுக்கிக் கொழும்பு விளையாட்டு விடுதியில் சேர்க்க வந்திருக்கிறார்கள். ஒரே ஒரு இடம். முதலாவது வந்தவனுக்கு.

சனம் எட்டிப் பார்க்கிறதென்று கதவைச் சாத்தினார்கள். உம்மா மூலைக் கதிரையில் போன மாதத்துப் பேப்பர்த் துண்டோடு இருந்தாள். அவனுடைய படம் வந்த பேப்பர். படத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கீழே அச்சடித்திருந்த பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னால ஏலா ஸேர். சைன் வைக்க மாட்டன்."

"விசரா உனக்கு? கொழும்பு என்ன கடலா, உன்ன முழுங்க?"

"ரெண்டாவது வந்தவன எடுங்க ஸேர்."

"அவன் என்ன உன்ட மாமிட மகனா, உட்டுக்குடுக்க?" முஸ்தாக் ஸேர் மேசையில் அறைந்தார்.

அவன் உம்மாவின் பக்கம் குனிந்தான். "சொல்லிருவம் உம்மா."

"கதைக்காம இரிங்க மகன்." உம்மாவின் விரல்கள் அவன் மணிக்கட்டைக் கவ்வின. வீதித் தடையில் ஆமிக்காரனின் பிடிகூட அப்படி இறுகாது. "கால் நோவுதான் ஸேர். தைலம் போட்டாச் சரியாகிரும்."

பிறப்புப் பத்திரத்தைப் புரட்டிய அதிகாரி, இது பிந்திய பதிவாக இருக்கிறதே என்று கேட்டார்.

"இவங்க பொத்துவில் பக்கம் ஸேர்," என்றார் முஸ்தாக். "கடல் வந்த பிறகு கல்முனைக்குடிக்கு வந்தவங்க. பத்திரமெல்லாம் வீட்டோட போயிற்று. முகாம்ல உம்மா சொன்ன பேரையும் வயசையும் வச்சுத்தான் பதிஞ்ச."

"ஓம் ஸேர், நான்தான் சொன்ன," என்றாள் உம்மா. "உசிரோட இரிக்கிற ஆக்கள் ஆரு, மௌத்தான ஆக்கள் ஆரு எண்டு கேட்டாங்க. நாக்குப் புரளல்ல. எப்பிடியோ சொல்லி முடிச்சன்."

இந்தக் கரையில் பாதிப் பேரின் கதை அதுதான். அதிகாரி மேற்கொண்டு கேட்கவில்லை.

ஸேர் பாரத்தை நிரப்பினார். "கூடப் பிறந்தவங்க? ஒரு காக்கா, உனக்கு மூத்தவன், சுனாமியில மௌத்து. என்ன பேரு?"

உம்மா நிலத்தைப் பார்த்தாள்.

"ஜெஸீல்," என்றான் அவன்.

"அப்ப எத்தின வயசு?"

"பதின்மூணு."

ஸேர் எழுதிவிட்டுப் பேனாவை நீட்டினார். உம்மா மணிக்கட்டை விட்டாள். விட்டது கையெழுத்துப் போடத்தான். அவன் போட்டான்.

வாசலில் துலக்சன் வினாயகபுரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். "முடிஞ்சுதா? போ மச்சான், போய்க் கொழும்பாரைக் கலை."

"அடுத்த வருசம் நீயும் வருவாய்தானே?"

"எங்க? அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிரும், பெரிய பெடியன்மாரோட ஓடணும். இதுதான் கடைசி எண்டு அப்பா சொல்லித்தான் விட்டவர். நாளைக்கு விடிய வள்ளம் ஏறுறன்." பஸ் வந்தது. மிதிபலகையில் தொற்றிக்கொண்டு திரும்பினான். "ரெண்டு பேருக்கும் ஒரே வயசுடா! நீ என்னத்தைத் திண்டு ஓடுறாய் எண்டு மட்டும் எனக்கு விளங்கல்ல!"

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

உம்மா வந்து அவன் தலையைத் தடவினாள். அவள் முகம் அஞ்சு வருடத்தில் இப்படி மலர்ந்ததில்லை. "நிப்றாஸ்ட பேர் இனிக் கொழும்பு வரைக்கும் போகும் மகன்."

"தம்பி கடலோட போயிட்டான் உம்மா. ஜெஸீல் நான் உசிரோட நிக்கிறன், துலக்சனுக்கு ஒரு முதலாம் இடம் கடன்."