கருங்காலி பக்கத்து நாற்காலி

“அந்தக் கருங்காலி பக்கத்துல என் தட்டை வைக்காதே!”

ரட்கோ போட்ட கூச்சலில், எண்ணெய்ச் சட்டியில் கிடந்த மீன் தானாகவே ஒரு தரம் புரண்டு படுத்தது. நம்பாவிட்டால் போங்கள்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. அரிசோனாவில் ஒரு செப்புச் சுரங்க ஊர். மாதா கோயில் கூடத்தில் ஊரே மீன் தின்ன உட்கார்ந்திருந்தது. காலியாக இருந்தது ஒரே நாற்காலி. அதுவும் லாலோவுக்குப் பக்கத்தில்.

“வாயாடிங்க பக்கத்துல வந்து உக்காந்தா எனக்கும் செரிக்காது” என்றார் லாலோ, தட்டில் இருந்த முட்டைக்கோஸிடம்.

இருவரும் நேருக்கு நேர் பேச மாட்டார்கள். திட்டுவதென்றால்கூட மீனிடமோ முட்டைக்கோஸிடமோ சொல்வதுதான். அந்தக் காலத்துச் சுரங்க வேலைநிறுத்தத்தில் ரட்கோ வாசலில் கொடி பிடித்தார். லாலோ அதே வாசலைத் தாண்டி வேலைக்குப் போனார். அன்றைக்கு நின்ற பேச்சு.

மூலை மேஜையில் டெல்ஃபினா தலையில் கை வைத்துக்கொண்டாள். கோயில் பள்ளியின் உதவித்தொகை நிதிக்கு இந்த வருஷம்தான் அவள் பொறுப்பேற்றிருந்தாள். எழுந்து நேரே புது ஃபாதர் எமேக்காவிடம் போனாள்.

“சாமி, என்னால முடியல. இந்தக் கிழங்க ரெண்டையும் சேர்த்து வைங்க, கோயிலைச் சுத்தி நான் முட்டி போட்டே வர்றேன்.”

“இன்னிக்கே முடிச்சிடறேம்மா” என்று ஃபாதர் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். வழியில் யாரோ இன்னொரு தட்டு மீனை நீட்ட, அங்கேயே நின்றுவிட்டார்.

டெல்ஃபினா ரட்கோவைப் பிடித்தாள்.

“இப்படிக் கத்துனா, நிதிக்குப் பணம் குடுக்கறவங்க ‘இந்தப் பிள்ளைக்கு’ன்னு உங்க பேத்தி மிலேனா பேரை எப்படிச் சொல்லுவாங்க? உங்க வீட்ல வளர்ற பிள்ளைக்கு நீங்க பேர் சொல்ல முடியாது, சட்டம் இருக்கு. யாரும் சொல்லலேன்னா ஆகஸ்ட்ல அவளுக்கு இந்தப் பள்ளிக்கூடம் கிடையாது.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா இந்த வாய்? நீங்களும் இன்னும் நிதிக்குக் குடுக்கல. மாநிலத்துக்குக் கட்டற வரிதானே? இங்க குடுங்க, அப்படியே அங்க கழிச்சுக்குவாங்க. உங்க கையை விட்டு ஒரு செண்ட் போகாது. இதை எத்தனை தடவைதான் சொல்லறது?”

ரட்கோ சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, துடைக்கும் தாளில் சுற்றிய காசோலையை அவள் கையில் திணித்தார்.

“ரெனேன்னு போட்டுக்க.”

“எந்த ரெனே?”

“அந்தக் கருங்காலி வளர்க்கிற பேரன். வேற எத்தனை ரெனே இருக்கான்? வெளியில சொன்னே, தொலைச்சிடுவேன். வருஷா வருஷம் இதான். உனக்கு முன்னாடி இருந்தவ வாயைத் திறந்ததே இல்ல.”

டெல்ஃபினாவுக்குச் சட்டம் நினைவு வந்தது. கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

“என் பிள்ளைக்கு நீ, உன் பிள்ளைக்கு நான்னு பேசி வச்சுக்கிட்டு குடுக்கறது குத்தம். அப்படி ஏதாவது...”

“அவன்கிட்டயா? பேசியா?” ரட்கோவின் மூக்கு சிவந்தது. “நான் அவன் மூஞ்சியப் பார்த்தே முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு!”

பத்து நிமிஷம் கழித்து லாலோ வந்தார். தொப்பிக்குள்ளிருந்து காசோலையை எடுத்தார்.

“வழக்கம்போல மிலேனாவுக்கு.”

டெல்ஃபினா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “ரட்கோ பேத்திக்கா? பேசி வச்சு...”

“அந்த வாயாடிகிட்ட நான் என்னத்தம்மா பேசறது? அவன் பண்ணினதுக்குப் பிள்ளை என்ன பண்ணும்? வேகமா எழுது, யாராவது பாத்துடப் போறாங்க.”

அவர் போனதும் டெல்ஃபினா இரண்டு காசோலைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நேர்மையான பணம். பேசாத இருவர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கொடுத்தது. இந்த ஊரில் எந்த அதிகாரி வந்து கேட்டாலும் நாய்க்குட்டிகூடச் சாட்சி சொல்லும், இவர்கள் பேசிக்கொள்வதில்லை என்று.

பேசிக்கொண்டால்?

நிமிர்ந்து பார்த்தாள்.

கூடத்தின் நடுவில் ஃபாதர் எமேக்கா. ஒரு கையில் ரட்கோவின் சட்டை. மறு கையில் லாலோவின் சட்டை.

“தவக்காலம் எதுக்கு? மன்னிக்கறதுக்கு. ரெண்டு பேரும் கையைக் குடுங்க. கடவுள் பார்த்துட்டிருக்காரு.”

கூடமே மெல்லுவதை நிறுத்தியது. ரட்கோ, லாலோவின் செருப்பைப் பார்த்தார். லாலோ, ரட்கோவின் செருப்பைப் பார்த்தார். ரட்கோவின் கை இடுப்புவரை உயர்ந்தது. லாலோவின் கண்ணில் தண்ணீர்.

இனி தினமும் சேர்ந்து காப்பி குடிப்பார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்த வருஷம் அவர் பேரனுக்கு இவரும், இவர் பேத்திக்கு அவரும் காசோலை நீட்டினால், பேசி வைக்கவில்லை என்று யார் நம்புவார்கள்? அவளே இரண்டையும் திருப்பித் தர வேண்டியதுதான். இரண்டு பிள்ளைகளும் இப்போதுதான் ஐந்தாம் வகுப்பு; கோயில் பள்ளியோ எட்டாம் வகுப்புவரை.

டெல்ஃபினா நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

“ரட்கோ! வேலைநிறுத்தம் பண்ணினவனெல்லாம் சோம்பேறின்னு லாலோ இப்பத்தான் என்கிட்ட சொல்லிட்டுப் போறாரு!”

உயர்ந்த கை விரலாக மாறியது.

“கருங்காலி! கருங்காலிப் புத்தி போகுமா?”

“நான் எப்படா சொன்னேன்?” என்று லாலோ பக்கத்து மேஜை முட்டைக்கோஸிடம் அலறினார். ஒரு தட்டு பறந்தது. மீன் ஃபாதரின் தோளில் வந்து உட்கார்ந்தது.

ஃபாதர் அதை எடுத்துப் போட்டுவிட்டு, டெல்ஃபினாவை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்.

“ஏம்மா, கோயில்ல நின்னு இவ்வளவு பெரிய பொய்யா? இப்பவே பாவசங்கீர்த்தனத்துக்கு வா!”

“வர்றேன் சாமி” என்றாள் டெல்ஃபினா, நாற்காலியிலிருந்து இறங்கியபடி. “பிள்ளைங்க ரெண்டும் எட்டாம் வகுப்பு முடிச்சுடட்டும்.”