சீக்கிரம் வந்த காகிதம்

ஃபைலின் மேல் சிவப்பு மையில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. என்னது என்று கேட்டேன்.

எக்ஸ்பிடைட்டட் என்றார் தாலுகா ஆபீஸ் கிளார்க் வெள்ளத்துரை. வரிசையில் கிடந்ததை முன்னால் எடுத்துவைத்து, சீக்கிரமாக முடித்தது என்று அர்த்தமாம்.

எனக்குச் சுருக்கென்றது.

எழுபத்துமூணு கார்த்திகையில் கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போன தோணி கவிழ்ந்தது. இரண்டு வருஷமாகிறது, நாலு பேரில் ஒருவர் உடம்பும் கரை சேரவில்லை. நாலு பெண்டாட்டிகளையும் ஏழு வருஷம் பொறுக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்த நாலில் ஒருத்தியான அந்தோணியம்மாளின் காகிதம் இன்னும் அடியில் கிடக்கிறது. என் புருஷன் பவுலை மட்டும் சாகடிக்க இவர்களுக்கு என்ன அவசரம்?

என் கழுத்தில் இன்னும் தாலி கிடக்கிறது. இந்த இறப்புச் சர்டிபிகேட்டைக் கையெழுத்துப் போட்டு வாங்கினால், அவர் செத்துவிட்டார் என்று நானே சொன்ன மாதிரி ஆகும். நான் சொல்லமாட்டேன்.

முதல் சந்தேகம் கொழுந்தன் இனிகோ மேல்தான். எங்கள் கீழவைப்பார் வீட்டின் மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அடுத்தது தோணி முதலாளி. இந்தக் கிளார்க்கையும் நான் நம்பவில்லை. சும்மா எவன் சிவப்பு மையைத் தொடுவான்?

யார் சொல்லி எடுத்தீர்கள் என்று விடாமல் கேட்டேன். எந்த ஃபைலும் தானாக மேலே வராது, சம்பந்தப்பட்டவர் காரணம் காட்டி மனுப் போட்டால்தான் அந்த வார்த்தையை எழுதுவோம் என்றார்.

"ஏம்மா, உன் பேருலதான் மனு வந்திருக்கு."

நான் எங்கே போட்டேன்? பொய் சொல்லாதீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் சலித்துக்கொண்டு ஃபைலை என் பக்கம் திருப்பினார்.

கொச்சியில் முத்திரை குத்திய கவர். தேதி போன மாசம். இரண்டு பிள்ளைகளோடு நாதியில்லாமல் கிடக்கிறேன், என் கணவர் இறந்ததைச் சீக்கிரம் பதிவு செய்து தாருங்கள் என்று எழுதி, கீழே இன்பமணி என்று என் பேரைப் போட்டிருந்தது.

எங்கள் ஆட்கள் என்ன எழுதினாலும் உச்சியில் ஒரு சிலுவை போடுவார்கள். அந்தச் சிலுவைக்கு அடியில் நங்கூரக் கொக்கி வளைத்துவிடுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். தோணியில் போனபோதெல்லாம் கொழும்பிலிருந்து எனக்குப் போட்ட கடுதாசி எல்லாவற்றிலும் அந்தக் கொக்கி இருக்கும்.

பாவி.

வாங்கிக்கொள்கிறாயா, இல்லை ஆட்சேபணை எழுதித் தருகிறாயா என்று வெள்ளத்துரை கேட்டார். அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினேன்.

"குடுங்க சார். அவரு செத்துத்தான் போனாரு."