பூநாரை கேட்ட கதை

"அத்தை, வாயே திறக்கக் கூடாது. சத்தம் கேட்டா பறந்துடும்."

ஏரிக்கரை நாணல் மறைவில் கேமராவோடு குப்புறப் படுத்திருந்த மாப்பிள்ளை கெஞ்சினார். மகள் வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகியிருந்த மாமியார், காற்று வாங்கலாமென்று கூடவே கிளம்பி வந்திருந்தார்.

கோடை வெயில் தாழ்ந்துவிட்டது. பூநாரைகளோ அக்கரையை விட்டு அசைவதாக இல்லை.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. தங்கைக்குப் போன் போட்டார்.

"மாப்பிள்ளையா? தங்கமானவர்டி. ஊருக்குக் கிளம்பறேன்னா விடவே மாட்டார். ஆனா துவைச்ச துணியை மடிச்சு வைக்கக்கூடத் தெரியாது..."

போச்சுடா என்று மாப்பிள்ளை தலையில் கைவைத்தார். ஆனால் ஒரு பூநாரை, கழுத்தை நீட்டி ஒட்டுக்கேட்பதுபோல இந்தப் பக்கம் நடந்து வந்தது! குறட்டை, முன்கோபம், ஞாபகமறதி என்று பேச்சு வளர வளர, அதுவும் நெருங்கியது.

"சரிடி, வச்சிடறேன்."

பூநாரை சட்டென்று திரும்பிக்கொண்டது.

"ஐயோ, வைக்காதீங்க அத்தை! அது இன்னும் இறக்கையை விரிக்கலை!"

"உங்க குறையெல்லாம் சொல்லி முடிச்சாச்சே, மாப்பிள்ளை."

"கல்யாண நாளை மறந்தேனே?"

"அதை முதல்லயே சொல்லிட்டேன்."

பூநாரை நகரத் தொடங்கியது. மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில நீங்க ஊருக்குப் போக, உங்களைக் கேட்காமலே பஸ் டிக்கெட் எடுத்து வச்சிருக்கேன். அதைச் சொல்லுங்க!"

"என்னது! அடியே, வச்சிடாதே, இந்தக் கூத்தைக் கேளு!"

மாமியாரின் குரல் ஏரியையே தூக்கியது. பூநாரை செக்கச்செவேலென்று இறக்கையை விரித்தது.

கிளிக்!